அறிந்தேன்

நவநீதனுக்குத் தொண்ணூற்றொன்று வந்திருந்தது.

சங்ககிரியில் அந்த வாரம் என்ன நடந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. டீக்கடையில் நின்றவர்களும் சரி, வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர்களும் சரி, "எத்தனை வந்துச்சுங்க?" என்றுதான் கேட்டார்கள். பத்தாம் வகுப்பு மார்க்கைக் கேட்கிற அதே குரல். விபத்து நடந்த இடத்தில் போலீஸ் டேப் பிடித்து அளப்பது, சாட்சி தேடுவது, வக்கீல் வைத்துப் பத்து வருஷம் இழுப்பது எல்லாம் பழைய கதையாகிவிட்டது. இப்போது எல்லாக் காரிலும் சான்றுப்பெட்டி இருக்கிறது. மோதிய நொடியிலேயே அது கணக்குப் போட்டு, தப்பை மூன்று பங்காகப் பிரித்து மூன்று எண்களைத் துப்பிவிடும். ஓட்டுநருக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு, பாதசாரிக்கு இவ்வளவு. கூட்டினால் நூறு வரவேண்டும். நீதிமன்றத்துக்கு மிச்சமிருப்பது முத்திரை குத்துகிற வேலைதான்.

ஓட்டுநர் 91, வண்டி 0, பாதசாரி 9. நவநீதனுக்கு ஆறு வருஷம்.

வண்டிக்குப் பூஜ்யம் வருவது ஒன்றும் அதிசயமில்லை. வண்டியைச் செய்கிறவனே பெட்டியையும் செய்தால் வேறு எது வரும். ஆனால் பழியை அவன்மேல் போட்டுவிட்டு இந்தக் கதையை முடித்துக்கொள்ள முடியவில்லை. முடிந்திருந்தால் அர்த்தநாரி இன்றைக்கு நிம்மதியாகச் சோறு தின்றுகொண்டிருப்பான்.

கார் அர்த்தநாரியுடையது. அவன் பாலிடெக்னிக்கில் ஆய்வகப் பயிற்றுநர், நாற்பத்தாறு வயது. அவன் மனைவி பூங்கோதையின் தம்பிதான் நவநீதன். நவநீதன் தன் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தான். ஊர் ஊராகப் போய் அழைப்பிதழ் கொடுக்க அக்கா வீட்டுக் காரை வாங்கிக்கொண்டு போனான். வண்டி தானோட்டத்தில் போய்க்கொண்டிருந்தது. வண்டியின் கண்கள் சரியாக இருக்கும்வரை இருக்கையில் இருப்பவர் சாலையைப் பார்க்க வேண்டியதில்லை என்பது சட்டம். ஆகவே நவநீதன் பார்க்கவில்லை. மடியில் அட்டையை வைத்துக்கொண்டு உறைகளில் பேர் எழுதிக்கொண்டிருந்தான். காலை எட்டே கால், வெயில் நேர் எதிரே. 'பழனியப்பன் குடும்பத்தார்' என்று எழுதி முடிப்பதற்குள் சத்தம் கேட்டது.

இறந்துபோனவர் பேர் தெய்வானை. ஐம்பத்தொரு வயது. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவர், வேலைக்குப் போக ரோட்டைத் தாண்டியிருக்கிறார்.

சிறையில் பார்க்கப் போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து நவநீதன் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

"நான் தூங்கலைங்க மாமா. பேருதான் எழுதிட்டிருந்தேன். எழுதலாம்னுதானுங்களே சட்டம்? அப்புறம் எப்படிங்க மாமா எனக்குத் தொண்ணூத்தொண்ணு?"

அர்த்தநாரிக்கும் அதுதான் புரியவில்லை. பார்க்க வேண்டியதில்லை என்று சட்டமே சொன்னவனுக்கு, பார்க்கவில்லை என்று எப்படித் தண்டனை வரும்? பெட்டி காரணம் சொல்லாது. எண்ணை மட்டும் சொல்லும். அறுபது நாளுக்குள் புதிதாக ஏதாவது விவரம் கொண்டுவந்தால் மறுபரிசீலனை உண்டு. அறுபத்தொன்றாம் நாள் காரை நசுக்கித் தகரமாக்கிவிடுவார்கள், பெட்டியோடு சேர்த்து.

இங்கேதான் அர்த்தநாரியின் பைத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தக் காரிலும் ஸ்டீயரிங்குக்கு அடியில், முழங்காலுக்கு நேரே, ஒரு செருகுவாய் இருக்கும். வண்டியின் உடம்பு நிலவரமெல்லாம் அதில் வரும். கம்பெனிப் பட்டறைக்காரன் தன் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, "பம்பு போச்சுங்க" என்பான். நாம் தலையாட்ட வேண்டும். இது பொறுக்காத நாலு பேர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். ஒரு பல் டாக்டர், ஒரு வங்கி குமாஸ்தா, தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்ற ஒருவர், அப்புறம் நம் அர்த்தநாரி. வண்டியின் கம்பிகளில் ஓடுகிற எண்களுக்கு எது எது என்ன அர்த்தம் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து ஒரு மென்பொருள் எழுதினார்கள். பேர் 'வாய்திற'. பெரும்பகுதி அர்த்தநாரி எழுதியது. தீப்பெட்டி அளவு கருவியில் அதை ஏற்றிச் செருகுவாயில் செருகிவிட்டால், எந்தச் சக்கரத்தில் காற்று குறைவு, பேட்டரிக்கு இன்னும் எத்தனை ஆயுள், பட்டறைக்காரன் சொல்வது பொய்யா நிஜமா, எல்லாம் செல்போனில் வந்துவிடும். காசு கிடையாது. சும்மா ஒரு ஆசை. மூன்று வருஷம் சாயங்காலங்களையெல்லாம் இதற்கே தின்னக் கொடுத்தான்.

"கார்கிட்ட பேசற நேரத்துல எங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசலாம்" என்று அப்போதெல்லாம் குத்திக்காட்டியவள் பூங்கோதை. இப்போது அவளே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, அந்தப் பெட்டி ஏன் அப்படிச் சொல்லுச்சுன்னு உங்க வாய்திறயால கண்டுபிடிக்க முடியாதா?"

"பெட்டிக்குள்ள நுழைய முடியாது. பெட்டிக்குப் போற கம்பியில என்ன ஓடுச்சுன்னு வேணா கேக்கலாம்."

"அப்பக் கேளுங்க. மூணு வருசமா டயர்ல காத்து எவ்வளவு, காத்து எவ்வளவுன்னு கேட்டீங்க. இப்ப எந்தம்பிக்காக ஒருதடவை கேளுங்க."

கைப்பற்றிய வண்டிகளை நிறுத்தியிருந்த பொட்டல் ஊருக்கு வெளியே இருந்தது. காவலாளி சின்னப்பன் முதலில் கையை விரித்தார். அர்த்தநாரி விடவில்லை. அவருடைய மின்ஸ்கூட்டர் ஏன் பாதி வழியில் நின்று நின்று போகிறது என்று பார்த்துச் சொன்னான். ஒரு இணைப்பு துருப்பிடித்திருந்தது, அவ்வளவுதான். சின்னப்பன் மனசு இளகி, "அரை மணி நேரம், அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்று சாவியைக் கொடுத்தார்.

நடு மதியம். முன்பக்கம் நசுங்கி நின்றது கார். நடுநெற்றியில் பூங்கோதை வைத்த பொட்டு மட்டும் அப்படியே இருந்தது, சந்தன வட்டமும் அதன் நடுவே குங்குமமும். சாமி கும்பிட்டு வைத்த பொட்டு இருந்தும் இப்படி ஆகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டான். கதவைத் திறந்து குனிந்து பார்த்தான். செருகுவாயில் அவனுடைய தீப்பெட்டிக் கருவி இன்னும் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. பேட்டரியில் மிச்சமிருந்த உயிரில் பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மோதிய நொடிவரை ஓடியதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். மச்சினனைக் காப்பாற்றியாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

அதைப் படித்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. கடைசிப் பயணத்துக்கு மட்டும் நான்கு லட்சம் வரி. காலேஜுக்கு விடுப்புப் போட்டுவிட்டு உட்கார்ந்தான். நாற்பத்து மூன்றாம் நாள் காலையில், பூங்கோதை காப்பியை வைத்துவிட்டுப் போன சமயத்தில், அந்த வரி கண்ணில் பட்டது.

'முன்பார்வை குறைவு. துடைக்கவும்.'

காரின் பக்கவாட்டுக் கண்கள் ஓரத்தில் நிற்பவர்களைப் பார்க்கும். நேர் எதிரே வருவதைப் பார்ப்பது முன்னால் நடுவில் இருக்கிற ஒரு கறுப்புக் கண்ணாடி வட்டம், பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவு. ஊரில் அதை நெற்றிக்கண் என்பார்கள். அந்தக் கண் மங்கிப்போயிருந்திருக்கிறது. நாலு நாளாக இல்லை, ஐந்து மாசமாக. எதிர்வெயில் அடித்தபோது சுத்தமாகத் தெரியாமலே போயிருக்கிறது. வண்டி குருடு. குருட்டு வண்டிக்குப் பூஜ்யம், பேர் எழுதிக்கொண்டிருந்தவனுக்குத் தொண்ணூற்றொன்று. அர்த்தநாரி எழுந்து நின்றுவிட்டான். பூங்கோதையைக் கூப்பிட வாயைத் திறந்தான்.

அப்புறம் அடுத்த வரியைப் பார்த்தான்.

'அறிந்தேன்.'

கார்த் திரையில் அப்படி ஒரு பொத்தான் உண்டு. கண் மங்கினால் வண்டி எச்சரிக்கும். அறிந்தேன் என்று தொட்டால் இரண்டு கிலோமீட்டருக்குச் சத்தம் போடாது. தொடாவிட்டால் வேகம் குறைந்து ஓரமாகப் போய் நின்றுவிடும். அந்தப் பொத்தானுக்கு இன்னொரு அர்த்தமும் இருந்தது. 'கண் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியும், இனி நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று ஓட்டுநர் ஒத்துக்கொள்வதாக அர்த்தம். முந்நூற்று நாற்பது பக்கக் கையேட்டில் எங்கோ ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். அதை யார் படித்தார்கள்.

எச்சரிக்கை, அறிந்தேன். எச்சரிக்கை, அறிந்தேன். ஐந்து மாதத்தில் ஆயிரத்து நூற்று எண்பது முறை. ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கை வந்து அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவாக, சரியாக 0.4 நொடியில் பதில் போயிருந்தது. எந்த மனுஷ விரலும் அப்படித் தொடாது. அந்த 0.4 யாருடையது என்று அர்த்தநாரிக்குத் தெரியும். உடனே பதில் கொடுத்தால் வண்டிக்குச் சந்தேகம் வரும் என்று யோசித்து, அவன்தான் அந்த எண்ணைப் போட்டிருந்தான்.

ஆயுத பூசைக்குக் காரைக் கழுவி மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கியபின், பூங்கோதை காரின் நடுநெற்றியில் பொட்டு வைத்தாள். ஊரே அங்கேதான் வைக்கும். வேறு எங்கே வைப்பது, முகம் மாதிரி இருக்கிற இடம் அதுதானே. வண்டியை ஒன்பது நாட்டில் ஓட்டிச் சோதித்தார்களாம். பனியில், மணல் காற்றில், ஒட்டகம் குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்றுகூடப் பார்த்தார்களாம். ஆயுத பூசையைச் சோதிக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. மறுநாள் காலையிலேயே வண்டி கத்த ஆரம்பித்தது. துடைத்துவிடலாமா என்று அர்த்தநாரி கேட்டான்.

"பூசை பண்ணி வெச்சதைத் தொடைப்பாங்களா? தானாப் போகட்டும் விடுங்க" என்றாள் பூங்கோதை.

தானாக எங்கே போகும். அமாவாசைக்கு அமாவாசை அவள் புதுசாக வைத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கும் துடைக்க மனசில்லை. அதைவிட, அவன் கையில்தான் மென்பொருள் இருக்கிறதே. உள்ளே போய் உட்கார்ந்து ஐந்து வரி எழுதினான். எச்சரிக்கை வந்தால் ஓட்டுநர் சார்பில் வாய்திறயே அறிந்தேன் என்று சொல்லிவிடும். வண்டி வாயை மூடிக்கொண்டது. அந்த ஐந்து வரிக்குப் 'பொட்டு' என்று பேர் வைத்து, வாய்திறயைப் பயன்படுத்துகிறவர்களின் இணையக் குழுவில் போட்டான். ஊர் ஊராக இதே தொல்லைதான் போலிருக்கிறது, பதினாலாயிரம் பேர் எடுத்துக்கொண்டார்கள். 'தெய்வமே, காது பிழைத்தது' என்று ஒருத்தர் எழுதியிருந்தார். அன்றைக்கு அர்த்தநாரிக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. அதோடு அதை மறந்தும் போனான்.

பூங்கோதையிடம் மறைக்க வேண்டும் என்று அவன் ஒரு நாள் முழுக்க நினைத்தது உண்மை. மறுநாள் அவள் தம்பிக்குப் பார்சல் கட்ட முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தபோது போய்ச் சொல்லிவிட்டான். அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. எண்ணெயில் கிடந்ததை எடுத்து முடித்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"பொட்டு வெச்சது நான்" என்றாள்.

"வாயை அடைச்சது நான்."

"அவன் பேருல ஆயிரம் தடவை சரி சரின்னு சொன்னது உங்க வாய்திற. அவன் ஒரு தடவைகூடச் சொல்லலை."

"ஆமா."

"போய்ச் சொல்லுங்க அப்ப."

"சொன்னா அவன் வெளிய வந்துருவான், கோதை. நான் உள்ள போவேன். கொஞ்ச வருசமா இருக்காது."

பூங்கோதை அவனை ஏறிட்டுப் பார்த்தாள். இருபது வருஷம் கூட வாழ்ந்தவள். அழுவாள் என்று அவன் எதிர்பார்த்தான்.

"போங்க" என்றாள்.

அவனுக்கு அது வலித்தது. ஆனால் அதில் நியாயம் இருந்தது. ஒரு பையில் இரண்டு வேட்டி, மாத்திரை, பல்பொடி எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டுதான் மறுபரிசீலனை அலுவலகத்துக்குப் போனான். திரும்பி வரப்போவதில்லை என்று நினைத்தான்.

அலுவலர் மரகதவல்லிக்கு ஓய்வு பெறும் வயது. அவர் பொறுமையாகக் கேட்டார், குறுக்கே பேசவில்லை. அந்த 0.4 நொடிப் பட்டியலைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"நீங்க சொல்றதை நான் நம்பறேன் சார். இத்தனை வருசத்துல இங்க வந்து தன் மேல தப்புன்னு சொன்ன முத ஆளு நீங்கதான்."

"என் பேரை எழுதிக்குங்க மேடம். அர்த்தநாரி. நவநீதனை விட்ருங்க."

"எழுதறேன். எந்தக் கட்டத்துல எழுதட்டும்?"

அவனுக்குப் புரியவில்லை. அவர் திரையை அவன் பக்கம் திருப்பினார். ஓட்டுநர், வண்டி, பாதசாரி என்று மூன்று கட்டம் இருந்தன. கீழே மொத்தம் நூறு.

"நாலாவது கட்டம் கிடையாது சார். ரோட்டுல அப்ப இருந்தவங்க மூணு பேருதான். நீங்க வீட்டுல இருந்தீங்க."

"நான் எழுதினதுதாங்க மேடம் அங்க இருந்துச்சு."

"அது இருந்துச்சு. நீங்க இல்ல. புது விவரத்தைப் பெட்டியோட கணக்குல போடறேன், அது என்ன சொல்லுதோ அதுதான். என் கையில ஒண்ணும் இல்ல."

ஓட்டுநர் எச்சரிக்கையை அறியவில்லை என்று அவர் உள்ளிட்டார். விரலால் ஒருதடவை தொட்டார். புது எண்கள் வர ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஓட்டுநர் 4, வண்டி 0, பாதசாரி 96.

அர்த்தநாரி தப்பாகப் படிக்கிறோமோ என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான். இந்த முறை, மறுபரிசீலனை என்பதால், பெட்டி ஒற்றை வரிக் காரணமும் கொடுத்திருந்தது. வண்டி முறைப்படி எச்சரித்தது, அதன்மேல் தவறில்லை. ஓட்டுநருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை, அவர் சட்டப்படி நடந்தார். சம்பவ இடத்தில் முழுப் பார்வையோடு இருந்த ஒரே தரப்பு பாதசாரி.

"மேடம், செத்துப்போனவங்க அவங்க."

"தெரியும் சார்."

"இதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"உண்மையை எப்படி வாபஸ் வாங்குவீங்க?" அவர் குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "உங்க மச்சினரை நாளைக்கு விட்ருவாங்க. செருகுவாய்ல கை வெச்சதுக்கு உங்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும். கையெழுத்துப் போட்டு அனுப்பிருங்க."

கடிதம் வந்தது. ஒரே ஒரு பக்கம். கீழே கையெழுத்துக்கு மேலே, மேற்படி எச்சரிக்கையை அறிந்தேன் என்று அச்சடித்திருந்தது. அர்த்தநாரி அதில் கையெழுத்துப் போட அரை நாள் எடுத்துக்கொண்டான்.

நவநீதன் வெளியே வந்தான். காதுகுத்து நடந்தது. கறிச்சோறு போட்டார்கள், ஊரே வந்தது. நவநீதன் அர்த்தநாரி காலில் விழுந்தான். பூங்கோதை தம்பியைப் பார்த்துச் சிரித்தாள், பந்தியில் நெய் ஊற்றிக்கொண்டு போனாள், புருஷன் இலைக்கு வந்தபோது மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் சாப்பிடவும் இல்லை.

அன்றைக்கே அவன் குழுவில் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் எழுதினான். பொட்டை எல்லோரும் உடனே நீக்கிவிடுங்கள், ஒரு உயிர் போயிருக்கிறது என்று கெஞ்சினான். பதினாலாயிரம் பேரும் படித்தார்கள். படித்ததில் அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு விஷயத்தை. பொட்டும் அந்த ஐந்து வரியும் இருந்தால் ஓட்டுநருக்கு நாலுதான் வரும்.

மாசம் திரும்புவதற்குள் இரண்டு லட்சம் பேர் அதை எடுத்திருந்தார்கள். அர்த்தநாரி தன் பக்கத்தில் இருந்து அழித்தான், வேறு யாரோ வேறு இடத்தில் போட்டார்கள். கடைகளில் காருக்கென்றே பெரிய ஸ்டிக்கர் பொட்டு தொங்கியது. சந்தனம் வைக்கும் வழக்கமில்லாத வீட்டுக்காரர்களும் சாதாரணக் கறுப்பு வட்டத்தை வாங்கி ஒட்டிக்கொண்டார்கள். பக்தி இல்லை, பயம். மரகதவல்லிக்குப் போன் போட்டுக் கேட்டான், சட்டத்தைத் திருத்த மாட்டார்களா என்று.

"திருத்தறவங்க வண்டியிலயும் ஒட்டியிருக்கு சார்" என்றார் அவர்.

இதற்கு நடுவில் அர்த்தநாரி இன்னொரு காரியமும் செய்திருந்தான். அந்த நான்கு லட்சம் வரியில் இடப்பக்கக் கண் பார்த்ததைத் தனியாகப் பிரித்தெடுத்தான். பன்னிரண்டு படங்கள் கிடைத்தன. சாலையோரம் தெய்வானை வந்து நிற்கிறார். இந்தப் பக்கம் பார்க்கிறார், அந்தப் பக்கம் பார்க்கிறார். காரைப் பார்த்துக் கையைத் தூக்குகிறார். கையைத் தூக்கினால் எந்தக் காரும் நின்றுவிடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள், நெற்றிக்கண் தெரிந்தால் அது நிற்கவும் செய்யும். அதை நம்பி அவர் காலை எடுத்து வைக்கிறார். அதற்குமேல் அவர் நெற்றிக்கண்ணின் எல்லைக்குள் போய்விட்டார், படம் இல்லை.

ஆடி மாசம், சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். இருபத்து மூன்று வயதிருக்கும். கையில் ஒரு உறை.

"அர்த்தநாரி சாருங்களா? எம்பேரு இன்பவள்ளிங்க. தெய்வானை மகள்."

பூங்கோதை உள்ளிருந்து வந்து தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுத்தான் பெண் பேசினாள். அம்மா இறந்தபின் கருணை அடிப்படையில் அதே சத்துணவுக் கூடத்தில் அவளுக்கு வேலை கொடுத்திருந்தார்கள். அம்மாவின் கரண்டியிலேயே நாலு மாசம் சமைத்தாள். இப்போது வேண்டாம் என்று கடிதம் வந்துவிட்டது. சொந்தக் கவனக்குறைவால் இறந்தவரின் வாரிசுக்கு அந்த வேலை கிடையாதாம்.

"வேலை போனாக்கூடப் போகுதுங்க. எங்கம்மா பராக்குப் பாத்துட்டுப் போயி விழுந்தாங்கன்னு எழுதியிருக்காங்க. அவங்க அப்படிப்பட்டவங்க இல்லைங்க. என்னையக் கையைப் பிடிச்சு ரெண்டு பக்கமும் பாக்க வெச்சுத்தான் தாண்ட விடுவாங்க." அவள் உறையை மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க காரைப் பேச வைப்பீங்கன்னு சொன்னாங்க. உங்க மச்சினருக்குப் பேச வெச்சீங்களாமா. அதே கார்தானுங்களே. எங்கம்மாவுக்கும் ஒருதடவை கேட்டுச் சொல்லுங்க சார்."

அர்த்தநாரி எழுந்து போய் அந்தப் பன்னிரண்டு படங்களையும் கொண்டுவந்து காட்டினான். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கையைத் தூக்கிய படத்தில் வெகுநேரம் நின்றாள்.

"பாத்திருக்காங்க. நல்லாத்தான் பாத்திருக்காங்க" என்றாள். முகம் தெளிந்துவிட்டது. "இதைக் கொண்டுபோய்க் குடுத்தாப் போதும்தானுங்களே? மாத்திருவாங்கல்ல?"

"குடுக்க முடியாதும்மா."

"ஏங்க?"

"நான் மறுபரிசீலனை ஆபீசுல கேட்டுட்டேன். கையைத் தூக்கினாங்கன்னா காரைப் பாத்துட்டாங்கன்னு அர்த்தம். பாத்தும் இறங்கினாங்கன்னு பெட்டி எடுத்துக்கும். தொண்ணூத்தாறு நூறாயிரும்."

அவள் அவனையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பத் தப்பு யாரு மேலதாங்க சார்?"

"என் மேல" என்றான் அர்த்தநாரி. சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. பொட்டு, எச்சரிக்கை, ஐந்து வரி, 0.4 நொடி, மூன்று கட்டம், எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டுவாள், கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள் என்று இருந்தான். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பூங்கோதை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

இன்பவள்ளி எல்லாவற்றையும் கேட்டாள். மென்பொருள் சங்கதியெல்லாம் அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஒரு ஈரத்துணி எடுத்துத் தொடைச்சிருந்தாப் போதுமில்லைங்களா?"

அர்த்தநாரி தலையாட்டினான். பூங்கோதை உள்ளே போய்விட்டாள்.

பெண் எழுந்தாள். உறையை எடுத்துக்கொண்டாள், படங்களை வேண்டாம் என்று வைத்துவிட்டாள். அவள் ஊருக்குப் போகிற பஸ் எதிர்ப்பக்கம் நிற்கும். அவன் வாசல்வரை வந்தான். அவள் ரோட்டோரம் போய் நின்று இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றின் நடுநெற்றியிலும் பொட்டு இருந்தது. உள்ளே இருந்தவர்கள் குனிந்து செல்போன் பார்த்துக்கொண்டும் தலை வாரிக்கொண்டும் போனார்கள். அவள் கையைத் தூக்கவில்லை. எதிரே பஸ் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவள் இந்தப் பக்கத்து ஓரமாகவே தன் ஊர் இருக்கிற திசையில் நடக்க ஆரம்பித்தாள். பதினோரு கிலோமீட்டர்.